மாதக் கடைசியை அறியாத முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: அல்சூர்வாசி

வணக்கம். பெங்களூருவில், மருத்துவமனைகளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் கருவிகளைப் பொருத்திப் பராமரித்துத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவு மேலாளராகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் 40 சர்வீஸ் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாதத்தில் பாதி நாள் அவர்கள் பெல்லாரி, ராய்ச்சூர், கலபுரகி என்று வெளியூரில்தான் இருப்பார்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 25,000 முதல் 32,000 ரூபாய் வரை.

சென்ற மாதம் எங்கள் உரிமையாளர் இரண்டு மாற்றங்களை அறிவித்தார். வெளியூர்ப் பயணத்துக்கு இதுவரை கொடுத்துவந்த முன்பணம் நிறுத்தப்படுகிறது. இனி பேருந்து, தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இன்ஜினியர் தம் கைப்பணத்தைச் செலவழித்துவிட்டு மாத முடிவில் பில்களைக் கொடுத்தால், அவை சரிபார்க்கப்பட்டு அடுத்த மாத இறுதியில் பணம் திரும்பக் கிடைக்கும். ஒருவருக்கு மாதம் சராசரியாக 15,000 ரூபாய் இப்படிச் செலவாகிறது. இரண்டாவதாக, மாதத்தின் கடைசி வேலைநாளில் வந்துகொண்டிருந்த சம்பளம் இனி அடுத்த மாதம் 7ஆம் தேதிதான் வரும்.

உரிமையாளர் கெட்டவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020 ஊரடங்கின்போது ஒருவருடைய சம்பளத்தையும் அவர் குறைக்கவில்லை. ஓட்டுநர் ஒருவரின் குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்றபோது முழுச் செலவையும் தாமே ஏற்றார். ஆனால் அவர் மூன்று தலைமுறையாகச் சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவர். முன்பணம் இல்லாமல் இவர்கள் சிரமப்படுவார்கள் என்று நான் சொன்னபோது, கிரெடிட் கார்டைப் பயன்படுத்தினால் 45 நாள் வட்டியே இல்லையே, எதற்குச் சிரமம் என்று கேட்டார். பலரிடம் கார்டு இல்லை, இருப்பவர்களும் அதன் வரம்பை ஏற்கெனவே தொட்டுவிட்டார்கள் என்றேன். வேலையில் இருக்கும் ஒருவர் ஒரு மாதச் சம்பளத்தைக்கூடக் கையிருப்பாக வைத்துக்கொள்ளாமல் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று அவர் உண்மையான வியப்போடு கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை.

இன்ஜினியர் ஒருவர், தம் நகைக்கடன் ரசீதுகளைக் கொண்டுவந்து காட்டினால் உதவியாக இருக்குமா என்று என்னிடம் கேட்டார். அப்படி ஒரு நிலைக்கு அவரைக் கொண்டுபோவது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு வழியும் தெரியவில்லை. ஒரு மாதம்கூடப் பணத் தட்டுப்பாட்டைக் கண்டிராத ஒருவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? இதே நிலையில் இருந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: ராஜாஜிநகர் கணக்கர்

நகை ரசீதுகளை யாரும் காட்ட வேண்டாம் என்று அந்த இன்ஜினியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காட்டினால் உங்கள் உரிமையாளர் இரக்கப்பட்டு அவர் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிப்பார். விதி அப்படியே இருக்கும், மற்ற 39 பேரும் தத்தம் வீட்டுக் கஷ்டத்தைத் தனித்தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதாகும். உங்கள் முதலாளிக்கு இரக்கத்தில் குறை இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. ஆகவே அவரிடம் இரக்கத்தைக் கேட்காமல் கணக்கைக் கேளுங்கள்.

பல நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் மாதம் முழுவதும் சிறுகச் சிறுக 15,000 ரூபாய் செலவழிக்கிறார். அது திரும்பி வருவதற்குள் அடுத்த மாதச் செலவும் ஏறிவிடுகிறது. எனவே அடுத்த மாத இறுதியில், பழைய பணம் வருவதற்கு முந்தைய நாள், அவருக்கு நிறுவனம் தர வேண்டியது 30,000 ரூபாய். அதாவது அவருடைய ஒரு மாதச் சம்பளம் முழுவதும். சராசரியாகப் பார்த்தால் எந்த நாளிலும் ஒருவருடைய பணம் 22,500 ரூபாய் நிறுவனத்தின் வேலையில் முடங்கிக் கிடக்கும். 40 பேருக்கு 9 லட்சம். இதே 9 லட்சத்தை உங்கள் நிறுவனம் வங்கியில் ஓவர்டிராஃப்டாக எடுத்தால், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 9,000 ரூபாய்தான் செலவு. அந்த இன்ஜினியர்கள் கைமாற்றாக 3 வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் என்று, வாங்கினால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து மாதம் 27,000 ரூபாய் வட்டி கட்டுவார்கள். நிறுவனம் 9,000 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக அதன் ஊழியர்கள் 27,000 ரூபாயை இழக்கிறார்கள். வியாபாரம் தெரிந்த மனிதருக்கு இந்த வரி ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு என்று அவர் சொன்னதன் பொருள், நிறுவனத்தின் செலவை ஊழியர் தம் பெயரில் கடனாக வாங்க வேண்டும் என்பது. உங்கள் கணக்குப் பிரிவு பில்லைச் சரிபார்க்க ஒரு வாரம் தாமதித்தால், அபராத வட்டியும், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் விழும் அடியும் அவருக்குத்தான். நாளை அவர் வீட்டுக் கடனுக்கோ மகளின் கல்விக் கடனுக்கோ போய் நிற்கும்போது, அந்தத் தாமதம் கணக்குப் பிரிவில் நேர்ந்தது என்று எந்த வங்கியும் எழுதிக்கொள்ளாது.

சம்பளத் தேதியைப் பொறுத்தவரை, 7ஆம் தேதி என்பது சட்டத்துக்கு உட்பட்டதே. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அதைத்தான் எல்லையாக வைத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு அதே 7ஆம் தேதியைத்தான் சொல்கிறது. எனவே சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் மாற்றம் நடக்கும் அந்த முதல் மாதம் ஊழியருக்கு 37 நாள் நீளும். வீட்டு வாடகை, தவணை, சீட்டு ஆகிய மூன்றும் பெரும்பாலும் 5ஆம் தேதிக்குள் வந்து நிற்பவை. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒருபுறமும் கடன் கொடுத்த நிறுவனம் மறுபுறமும் சில நூறு ரூபாய் பிடிக்கும்.


பதில்: பொம்மனஹள்ளி மகள்

நான் பிறந்து வளர்ந்தது பொம்மனஹள்ளியில். என் அம்மா ஓசூர் சாலையில் உள்ள ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை பார்த்தவர். உங்கள் உரிமையாளர் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு 2016 ஏப்ரல்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வருங்கால வைப்புநிதி விதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வேலையை விட்டவர் தம்முடைய பங்கையும் அதன் வட்டியையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; நிறுவனம் செலுத்திய பங்கு 58 வயது வரை நிதியிலேயே இருக்கும் என்றார்கள். முதுமைக்குப் பணம் மிஞ்ச வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதை எழுதியிருப்பார்கள். ஆனால் தையல் தொழிலாளிக்கு அந்த நிதி முதுமைக்கான பணமாக இருந்ததே இல்லை. சில ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் வேலை, பிறகு ராஜினாமா, இரண்டு மாதம் காத்திருந்து மொத்தப் பணத்தையும் எடுத்துக் கடனை அடைப்பது அல்லது பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது, மறுபடியும் பக்கத்துத் தொழிற்சாலையில் சேர்வது என்பதுதான் அந்தத் தெருக்களில் இருந்த நடைமுறை. அவர்களுக்கு வேறு சேமிப்பு கிடையாது. சம்பளத்திலிருந்து கைக்கு வராமலேயே பிடிக்கப்பட்டதால் மட்டுமே அது சேமிப்பாக நின்றது.

ஏப்ரல் 18, 19 தேதிகளில் பல்லாயிரம் பெண்கள் ஓசூர் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பீனியா, மைசூரு சாலை என்று நகரத்தின் மற்றப் பக்கங்களுக்கும் அது பரவியது. பெரிய சங்கம் எதுவும் அழைத்து அவர்கள் வரவில்லை. தடியடி நடந்தது, பேருந்துகள் எரிந்தன. 19ஆம் தேதியே அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. நகரத்தின் அலுவலகங்களில் இருந்தவர்கள் பலருக்கும் இந்தப் பெண்கள் எதற்காக இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பது அந்த இரண்டு நாளும் புரியவே இல்லை. அம்மாவும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தக் கோபத்தை யாருக்கும் விளக்க வேண்டிய தேவையே இல்லாதபடி புரிந்துவைத்திருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு விதியால் பாதிக்கப்படுபவர்களிடம் அதை எழுதும் முன்பே கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். உங்கள் நிறுவனத்திலும் யாரும் கேட்கப்படவில்லை. முதலாளிக்கு ஊழியர் வாழ்க்கை முழுவதும் புரிய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். அது நடக்காமலே போகலாம். பணம் சம்பந்தப்பட்ட எந்த விதியும் இன்ஜினியர்களில் மூன்று நான்கு பேரைக் கேட்காமல் அறிவிக்கப்படாது என்ற ஓர் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். அவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் அது பயன்படும்.


பதில்: பீனியா பட்டறை

மேலே இருவர் சொன்னதையும் மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். பீனியாவில் சிறு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் 22 பேர் வேலை செய்கிறார்கள். முன்பணத்தை நிறுத்துவது, சம்பளத்தை ஒரு வாரம் தள்ளுவது ஆகிய இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால், எனக்கு முதலில் தோன்றுவது அந்த நிறுவனத்தில் பணம் சுழலவில்லை என்பதுதான். கருவிகளை வாங்கிய மருத்துவமனைகள் மூன்று நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தடிக்கக்கூடும். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஒழுங்குமுறை என்ற பெயரில் உத்தரவு போடும் முதலாளிகள் உண்டு.

எங்களுக்கு நேர்வதும் இதேதான். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எங்களிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெரிய நிறுவனத்தின் மீது வட்டி கேட்டு வழக்குப் போட எங்களில் யாருக்குத் துணிவு வரும்? அடுத்த ஆர்டர் போய்விடும். 2024 ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராமல் மார்ச் முடிவிலும் பாக்கி வைத்த தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 43பி பிரிவில் சேர்த்த பிறகுதான் சில இடங்களில் மார்ச் மாதத்தில் பணம் வரத் தொடங்கியது. எங்கள் பணத்தை வைத்து வியாபாரம் செய்வது அந்தப் பெரிய நிறுவனங்களின் மேலாளர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. அவர்களுக்கு அது கணினியில் ஒரு தேதி. எனக்கு சனிக்கிழமை கூலி.

இதனால்தான் உங்கள் உரிமையாளருக்குப் பணத் தட்டுப்பாடே தெரியாது என்று நான் உடனே முடிவுகட்ட மாட்டேன். தட்டுப்பாடு இருந்தால் அதை இன்ஜினியர்களிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும், ஒரு கெடு வைக்கட்டும், தாம் எடுக்கும் மாதத் தொகையை முதலில் நிறுத்தட்டும். தட்டுப்பாடு இல்லையென்றால் கணக்கர் எழுதியது முழுக்கச் சரி. அப்போது இந்த உத்தரவுக்கு எந்த நியாயமும் இல்லை.

வெளியூர் போகும் ஆளுக்கு முன்பணம் கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் எங்கள் பட்டறையில் என் தந்தையார் காலத்திலிருந்தே கிடையாது.


பதில்: வெளிவட்டச் சாலை

ஐயா, பட்டறை வைத்திருக்கும் உங்களைப்போல் வரவையும் கூலியையும் தாமே எண்ணிப் பார்க்கும் முதலாளியையும், கேள்வி கேட்டவர் விவரிக்கும் முதலாளியையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் மென்பொருள் துறையில் இருப்பவன். இந்தத் தொலைவைப் பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம் உணர்ந்திருக்கிறேன்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வாங்க முடியாததற்காக வருந்துவதாகவும் பேசினார். இருவரும் கடுமையாக உழைத்து மேலே வந்தவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுவனர் கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய பங்கின் மதிப்பில் சேர்கிறது. சம்பளக்காரர் கூடுதலாக உழைக்கும் நேரம் பெரும்பாலும் எங்கேயும் சேர்வதில்லை. கடைகள், வணிக நிறுவனங்களுக்கான 1961ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் மிகுதி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் வகுத்திருந்தும், என் துறையில் மிகுதி நேரச் சம்பளம் வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு கூறியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சுப்ரமணியன் கேட்ட கேள்வியே ஒருவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதைக் காட்டிவிடுகிறது. சமையலுக்கு, துணிக்கு, காருக்கு, குழந்தைக்கு என்று ஆள் வைத்திருப்பவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை வேறு ஊழியர்கள் செய்துமுடிக்கிறார்கள். மற்ற வீடுகளில் அந்த ஒரு நாளில்தான் ஆறு நாள் அழுக்குத் துணியும் பிள்ளையின் பாடமும் வயதான பெற்றோரின் மருத்துவமும் நடக்கின்றன. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய் என்று அரசு விலை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. விலை ஒருபுறம் இருக்க, டேங்கர் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டவர்களிடம், தண்ணீருக்கும் அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் மேலிடம் கேட்டது.

உரிமையாளரை ஒரு நாள் இன்ஜினியரோடு பேருந்தில் ராய்ச்சூருக்கு அனுப்பலாம் என்று யாராவது இங்கே யோசனை சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த நேரமும் காரை வரவழைத்துத் திரும்பிவிடலாம் என்று தெரிந்தவருக்கு அந்தப் பயணத்தில் உடல் அலுப்பு மட்டுமே கிடைக்கும். மாதம் 20ஆம் தேதிக்குப் பிறகு விடுதி வரவேற்பறையில் கார்டை நீட்டும்போது வரும் பயம் கிடைக்காது.


கேள்வி கேட்டவரின் பதில்: அல்சூர்வாசி

அனைவருக்கும் நன்றி. பட்டறை வைத்திருக்கும் ஐயா சொன்ன கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. நேற்று கணக்குப் பிரிவில் கேட்டேன். வர வேண்டிய பாக்கி வழக்கமான அளவில்தான் இருக்கிறது. பணத் தட்டுப்பாடு இல்லை. ஒரு நிர்வாக ஆலோசகர் மற்ற நிறுவனங்களில் இப்படித்தான் நடக்கிறது என்று சொன்னதால் வந்த உத்தரவு இது. எனவே 9,000 ரூபாய்க்கு எதிராக 27,000 ரூபாய் என்ற கணக்கை ஒரே தாளில், யாருடைய பெயரும் இல்லாமல் எழுதி உரிமையாளரிடம் கொடுக்கப்போகிறேன். முன்பணத்தைத் திரும்பக் கொண்டுவருவது, பில்களை மாதம் இரண்டு முறை தீர்ப்பது, இன்ஜினியர்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கும் நான்கு பேரைப் பண விதிகளுக்கு முன்பு கேட்பது ஆகியவற்றை அதில் கோரிக்கைகளாக வைக்கிறேன். நகை ரசீது பற்றிக் கேட்டவரிடம் பேசிவிட்டேன்.

சம்பளத் தேதியில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பார் என்று தோன்றவில்லை. வருகைப் பதிவைச் சரிபார்க்கக் கால அவகாசம் வேண்டும் என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அந்த 37 நாள் மாதத்தை எப்படிக் கடப்பது?


பதில்: ராஜாஜிநகர் கணக்கர்

போனஸ் கொடுக்கும் மாதத்துக்கு அந்த மாற்றத்தைத் தள்ளிவையுங்கள். உங்கள் நிறுவனத்தில் ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ போனஸ் கொடுத்தால், அந்தப் பணம் கையில் இருக்கும்போது ஒரு வார இடைவெளி தாங்கக்கூடியதாக இருக்கும். அதற்கும் பண்டிகைச் செலவு காத்திருக்கும் என்பதால், மாறும் முதல் மாதத்தில் மட்டும் பாதிச் சம்பளத்தைப் பழைய தேதியிலும் மீதியை 7ஆம் தேதியிலும் போடச் சொல்லுங்கள். வருகைப் பதிவு எவ்வளவு மாறினாலும் பாதிச் சம்பளத்துக்குக் கீழே யாருக்கும் போகாது, ஆகவே அவருடைய வாதத்துக்கும் இதில் இடையூறு இல்லை. தேதி உறுதியானதும் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தவணைத் தேதியை 10ஆம் தேதிக்கு மாற்றித்தரச் சில வங்கிகள் ஒப்புக்கொள்ளும். ஆனால் விண்ணப்பித்து மாறிவர நாளாகும். நிறுவனத்தின் கடிதம் ஒன்றை இணைத்துக் கொடுத்தால் வேலை எளிதாக முடியும், அந்தக் கடிதத்தை 40 பேருக்கும் நீங்களே தயாரித்துக் கொடுங்கள்.